டெர்மினலில் சீன எழுத்துகள் உடைந்து தெரிந்தால்: காரணத்தைப் படிப்படியாகக் கண்டறியும் முறை

கடந்த ஆண்டு ஷென்சென் நகரிலிருந்து, ஓர் இயந்திரத்தின் கையேடுகள் அடங்கிய ஜிப் கோப்பு ஒன்று எனக்கு வந்தது. அதை உபுண்டு டெர்மினலில் விரித்துப் பட்டியலிட்டபோது, சீனப் பெயர்கள் இருக்க வேண்டிய இடமெல்லாம் கேள்விக்குறிகளே நின்றன. சீன எழுத்துரு இல்லை என்று நானாகவே முடிவு செய்து, அன்று மாலை முழுவதும் எழுத்துருக்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுவினேன். ஒரு கேள்விக்குறிகூட மாறவில்லை. கோளாறு எழுத்துருவில் இருந்திருந்தால் கட்டம் தோன்றியிருக்குமே தவிர கேள்விக்குறி தோன்றியிருக்காது என்பது அப்போது எனக்குத் தெரியாது. பிழையின் உருவமே கோளாறு இருக்கும் இடத்தைச் சொல்லிவிடும். ஆகவே, எதையும் நிறுவுவதற்கு முன் அந்த உருவத்தை உற்றுப் பார்ப்பதிலிருந்து தொடங்குவோம்.

கட்டளைகளை உச்சரிப்பின்படி எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்துகளில் தட்ட வேண்டும். உபுண்டு, டெபியன் ஆகியவற்றை மனத்தில் வைத்து எழுதினாலும், சோதிக்கும் முறை எல்லா லினக்ஸ் வகைகளுக்கும் பொருந்தும்.

எழுத்து திரைக்கு வரும் வழி

கோப்பில் இருப்பவை எழுத்துகள் அல்ல, எண்களே. ஒரு செவ்வகத்தின் நடுவே நெட்டுக்கோடு பாய்ச்சியதுபோல் இருக்கும் 'ஜோங்' என்ற எழுத்தை எடுத்துக்கொள்வோம். 'நடு' என்பது அதன் பொருள், சீன நாட்டின் சீனப் பெயரே அதில்தான் தொடங்குகிறது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யுடிஎஃப்-8 முறையில் அது மூன்று பைட்டுகள்: எட்டை அடிப்படையாகக் கொண்ட எண்ம முறையில் எழுதினால் 344, 270, 255. சீனாவில் நெடுங்காலம் வழங்கிய ஜிபிகே முறையில் அதே எழுத்து 326, 320 என்ற இரண்டு பைட்டுகளாகிறது. தைவானின் பிக்-5 முறையில் அது 244, 244. இந்தப் பைட்டுகளை நிரல் படித்து டெர்மினலுக்கு அனுப்புகிறது. டெர்மினல் அவற்றை எழுத்தாகப் புரிந்துகொண்டு, எழுத்துருவிலிருந்து வடிவத்தை எடுத்து, திரையில் இரண்டு கட்டங்கள் அகலத்திற்கு வரைகிறது. இவற்றுள் எந்த இடத்தில் பிசகினாலும் அந்த இடத்திற்கே உரிய பிழைதான் தோன்றும். பாமினி எழுத்துருவில் தட்டிய கடிதத்தை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்து பார்த்தவர்களுக்கு இது புதிதன்று.

பிழையின் உருவங்கள்

எழுத்துக்குப் பதிலாக வெற்றுக் கட்டமோ, உள்ளே சிறிய இலக்கங்கள் எழுதிய கட்டமோ தெரிந்தால், டெர்மினல் எழுத்தைச் சரியாகப் புரிந்துகொண்டுவிட்டது. வடிவம் மட்டும் கிடைக்கவில்லை. இது எழுத்துருக் குறை.

வெறும் கேள்விக்குறிகளோ, 344, 270 போன்ற எண்கள் சாய்கோட்டுடனோ தெரிந்தால், நிரல் தன் லொகேல் அமைப்பின் (மொழியையும் எழுத்து முறையையும் நிரலுக்குச் சொல்லும் அமைப்பு) காரணமாக அந்தப் பைட்டுகளை எழுத்தாக ஏற்கவில்லை. 'லெஸ்' என்ற நிரல் இதே நிலையில் பைட்டுகளைக் கோண அடைப்புக்குள் இட்டுக் காட்டும்.

கருப்புச் சாய்சதுரத்திற்குள் கேள்விக்குறி தெரிந்தால், யுடிஎஃப்-8 எதிர்பார்க்கும் டெர்மினலுக்கு வேறு குறியாக்கத்தில், அதாவது எழுத்தை எண்ணாக்கும் வேறு முறையில், பைட்டுகள் வந்திருக்கின்றன.

தலையில் இரு புள்ளி வைத்த ஏ, வட்டம் வைத்த ஏ, வால் முளைத்த சி போன்ற ஐரோப்பிய எழுத்துகள் மீண்டும் மீண்டும் தெரிந்தால், யுடிஎஃப்-8 பைட்டுகளை யாரோ மேற்கு ஐரோப்பியக் குறியாக்கமாகப் படிக்கிறார்கள் என்று பொருள். வழக்கமான சீன எழுத்துகளின் முதல் பைட்டு 344 முதல் 351 வரைதான் வரும். அந்தக் குறியாக்கத்தில் இந்த எண்களுக்கு உரியவை மேற்சொன்ன எழுத்துகளே. அதனால்தான் எப்போதும் அதே முகங்கள் தெரிகின்றன.

படி 1: எந்தத் திரையில் இருக்கிறீர்கள்?

'டிடிஒய்' என்று தட்டுங்கள். விடை '/டெவ்/டிடிஒய்1' என்பதுபோல் வந்தால், நீங்கள் இருப்பது லினக்ஸின் உரைத்திரை. அதன் எழுத்துருவில் அதிகபட்சம் 512 வடிவங்களுக்கே இடமுண்டு. 1980ஆம் ஆண்டுச் சீனத் தரமான ஜிபி2312 மட்டுமே 6763 சீன எழுத்துகளைக் கொண்டது. அங்கே எந்த அமைப்பை மாற்றினாலும் பயனில்லை. வரைகலைச் சூழலில் டெர்மினல் சாளரத்தைத் திறந்து தொடருங்கள். '/டெவ்/பிடிஎஸ்/' என்று தொடங்கும் விடை வந்தால் அடுத்த படிக்குச் செல்லலாம்.

படி 2: மூன்று பைட்டுச் சோதனை

ஒரே சாளரத்திற்குள் பல டெர்மினல்களை நடத்தும் டிமக்ஸ், ஸ்கிரீன் போன்ற நிரல்களுக்கு வெளியே, உங்கள் சொந்தக் கணினியில் இதைத் தட்டுங்கள்:

பிரிண்ட்எஃப் '\344\270\255\012'

இந்த ஒரு வரியை நான் பெரிதும் மதிக்கிறேன். இது லொகேலைக் கேட்பதில்லை, கோப்பையும் தொடுவதில்லை, பைட்டுகளை நேராக டெர்மினலிடம் கொடுக்கிறது. (கடைசியில் உள்ள 012 வரியை முடிப்பதற்கானது.) செவ்வகமும் நெட்டுக்கோடும் ஒழுங்காகத் தெரிந்தால், டெர்மினலின் குறியாக்கமும் எழுத்துருவும் நலமாக உள்ளன, படி 3ஐ விட்டுவிட்டு நேராக 4க்குப் போகலாம். ஐரோப்பிய எழுத்துகள் தெரிந்தால் டெர்மினலின் விருப்பத்தேர்வுகளைத் திறந்து குறியாக்கத்தை யுடிஎஃப்-8 ஆக்குங்கள். புட்டி என்ற டெர்மினல் நிரலைப் பயன்படுத்துபவர்களுக்கு இந்த அமைப்பு 'விண்டோ' பிரிவின் கீழ் 'டிரான்ஸ்லேஷன்' பக்கத்தில் இருக்கிறது. கட்டம் தெரிந்தால் மட்டுமே எழுத்துருவைத் தேட வேண்டும்.

படி 3: எழுத்துரு

'எஃப்சி-லிஸ்ட்' என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, முக்காற்புள்ளி, லாங், சமக்குறி, இசட்எச் என்பவற்றை இடைவெளியின்றிச் சேர்த்துத் தட்டினால், கணினியில் உள்ள சீன எழுத்துருக்களின் பட்டியல் வரும். பட்டியல் வெறுமையாக இருந்தால் இதை நிறுவுங்கள்:

சுடோ ஏபிடி இன்ஸ்டால் ஃபான்ட்ஸ்-நோட்டோ-சிஜேகே

அடோபியும் கூகுளும் இணைந்து 2014இல் வெளியிட்ட எழுத்துருக் குடும்பம் இது. நிறுவிய பிறகு திறந்திருக்கும் எல்லா டெர்மினல் சாளரங்களையும் மூடிவிட்டு மீண்டும் திறக்க வேண்டும். ஒரு சாளரம் திறந்திருந்தாலும் பழைய எழுத்துருப் பட்டியலே தொடரக்கூடும்.

எழுத்துகள் தெரியத் தொடங்கிய பின்னும், சீனம் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் உங்கள் திரையைப் பார்த்து, 'இது ஜப்பானிய வடிவம்' என்று சொல்லக்கூடும். அவர் சொல்வதை அலட்சியம் செய்யாதீர்கள். சீனமும் ஜப்பானியமும் பகிர்ந்துகொள்ளும் எழுத்துகளுக்கு யூனிகோடு ஒரே எண்ணைத் தந்திருப்பதால், எந்த நாட்டு வடிவத்தை வரைவது என்பதை எழுத்துருவே தீர்மானிக்கிறது. 'எலும்பு' என்ற எழுத்தை '\351\252\250\012' என்று அச்சிட்டு, பெரிதாக்கிப் பாருங்கள்: மேற்பகுதியின் உள்ளே இருக்கும் சிறிய மூலை இடப்பக்கம் இருந்தால் அது சீன நிலப்பரப்பின் வடிவம், வலப்பக்கம் இருந்தால் ஜப்பானிய வடிவம். சீன வடிவமே வேண்டும் என்றால், டெர்மினலின் எழுத்துருவாக 'நோட்டோ சான்ஸ் மோனோ சிஜேகே எஸ்சி' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

படி 4: லொகேல்

'லொகேல் சார்மேப்' என்று தட்டுங்கள். 'யுடிஎஃப்-8' என்ற விடையே வர வேண்டும். 'ஆன்சி_எக்ஸ்3.4-1968' என்று வந்தால், நிரல்கள் அனைத்தும் வெறும் ஆஸ்கி எழுத்துகளையே (ஆங்கில எழுத்துகளும் அடிப்படைக் குறிகளும்) அறியும் நிலையில் உள்ளன. கேள்விக்குறிகளுக்கு இதுவே வழக்கமான காரணம். அந்தச் சாளரத்திற்கு மட்டும் உடனடித் தீர்வு வேண்டுமென்றால் இது போதும்:

எக்ஸ்போர்ட் லாங்=சி.யுடிஎஃப்-8

இதில் 'லாங்' பெரிய எழுத்துகளில் அமைய வேண்டும். இதற்குப் பிறகும் மாற்றமில்லையென்றால், 'எல்சி_ஆல்' என்ற மாறிக்கு யாரோ ஏற்கெனவே மதிப்புத் தந்திருக்கக்கூடும். அது மற்ற எல்லாவற்றையும் மீறிச் செல்லும் என்பதால் 'அன்செட்' கட்டளையால் அதை நீக்குங்கள். நிலையான தீர்வுக்கு 'சுடோ டிபிகேஜி-ரீகான்ஃபிகர் லொகேல்ஸ்' என்று தட்டி, யுடிஎஃப்-8 என்று முடியும் ஒரு லொகேலைத் தேர்ந்தெடுக்கலாம். சீன எழுத்து தெரியச் சீன லொகேல் வேண்டும் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது, அது தவறு. ஆங்கில லொகேலாக இருந்தாலும் யுடிஎஃப்-8 ஆக இருந்தால் போதும்.

தொலைவிலிருந்து இணைக்கும் எஸ்எஸ்எச் வழியாக வேறொரு சர்வருக்குள் சென்றால், இந்தச் சோதனையை அங்கேயும் செய்ய வேண்டும். உங்கள் கணினி தன் லொகேல் பெயரை அனுப்பினாலும், அந்தப் பெயர் சர்வரில் உருவாக்கப்படாமல் இருந்தால் அங்குள்ள நிரல்கள் ஆஸ்கி நிலைக்கே திரும்பிவிடும். டிமக்ஸுக்குள் மட்டும் சீன எழுத்துகளின் இடத்தில் அடிக்கோடுகள் தெரிந்தால், அது தவறான லொகேலில் தொடங்கப்பட்டிருக்கிறது. 'டிமக்ஸ் -யு அட்டாச்' என்று மீண்டும் இணையுங்கள். கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் நிரல் மட்டும் கோப்புப் பெயர்களை எண்களாகக் காட்டினால், 'கோர்.குவோட்பாத்' அமைப்பை 'ஃபால்ஸ்' ஆக்க வேண்டும்; மற்ற எதையும் தொட வேண்டியதில்லை.

படி 5: அகலம்

எழுத்துகள் சரியாகத் தெரிந்தும் பத்திகள் கோணிக்கொண்டு நின்றால், நிரல் அகலத்தைத் தவறாகக் கணக்கிடுகிறது. சீன எழுத்து இரண்டு கட்டங்களை எடுத்துக்கொள்ளும். பல நிரல்கள் எழுத்தின் எண்ணிக்கையையோ பைட்டின் எண்ணிக்கையையோ கொண்டு இடைவெளி இடுகின்றன. மேற்கோள் குறி, வட்டத்துள் எண் போன்றவை சில சூழல்களில் ஒரு கட்டமாகவும் சிலவற்றில் இரண்டாகவும் கொள்ளப்படுவதால், டெர்மினலிலும் விம் போன்ற திருத்திகளிலும் இதற்கான அமைப்பு ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

படி 6: கோப்பே வேறு குறியாக்கத்தில் இருந்தால்

மேற்கண்ட சோதனைகள் அனைத்தும் தேறியும் ஒரு குறிப்பிட்ட கோப்பு மட்டும் உடைந்து தெரிந்தால், அதன் பைட்டுகளையே பார்த்துவிடுங்கள்:

ஓடி -பி கையேடு.டிஎக்ஸ்டி | ஹெட்

344 முதல் 351 வரையிலான எண் மூன்று பைட்டுக்கு ஒருமுறை வந்து, இடையில் உள்ளவை 200க்கும் 277க்கும் நடுவில் இருந்தால் அது யுடிஎஃப்-8. அந்த ஒழுங்கு இல்லாமல் 241உம் அதற்கு மேற்பட்ட எண்களும் இரண்டிரண்டாக வந்தால், சீனாவிலிருந்து வந்த கோப்பில் அது பெரும்பாலும் ஜிபிகே. ஜிபிகேயையும் உள்ளடக்கிய ஜிபி18030 என்ற பெயரைத் தந்து மாற்றுவது பாதுகாப்பானது:

ஐகான்வ் -எஃப் ஜிபி18030 -டி யுடிஎஃப்-8 பழையது.டிஎக்ஸ்டி > புதியது.டிஎக்ஸ்டி

இதில் 'எஃப்' என்பது 'ஃப்ரம்', 'டி' என்பது 'டு' ஆகியவற்றின் முதல் எழுத்து. இரு கோப்புப் பெயர்களும் ஒன்றாக இருக்கவே கூடாது. இருந்தால், படிக்கத் தொடங்குவதற்கு முன்பே கோப்பு காலியாகிவிடும். உடைந்து தெரியும் கோப்பை எந்தத் திருத்தியிலும் சேமிக்காதீர்கள் என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். புரியாத பைட்டுகளுக்குப் பதிலாகத் திருத்தி மாற்றுக்குறியை (மேலே சொன்ன கருப்புச் சாய்சதுரக் கேள்விக்குறியை) எழுதிவிட்டால், மூல எழுத்து திரும்பி வராது. அந்த மாற்றுக்குறி இரண்டு சேர்ந்தால் ஆறு பைட்டு; அவற்றை ஜிபிகேயாகப் படித்தால் 'குன் ஜின் காவ்' என்ற பொருளற்ற மூன்று எழுத்துகள் வரும். சீனக் கணினியாளர்கள் அனைவரும் அறிந்த தொடர் அது. அதைக் கண்டால், தரவு ஏற்கெனவே இழக்கப்பட்டுவிட்டது என்று கொண்டு மூலப் பிரதியைக் கேட்டு வாங்குங்கள்.

ஜிப் கோப்புகளில் பெயர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. சீன விண்டோஸில் உருவான பல ஜிப் கோப்புகள் பெயர்களை 936ஆம் குறிப்பக்கத்தில், அதாவது ஜிபிகேயில், பதிந்திருக்கும். எனக்கு வந்ததும் அப்படிப்பட்டதே. ஏற்கெனவே விரித்ததை அப்படியே விட்டுவிட்டு, புதிய கோப்புறை ஒன்றில் மீண்டும் விரித்தேன்:

அன்ஜிப் -ஓ சிபி936 கையேடுகள்.ஜிப் -டி புதியது

இதில் 'ஓ' பெரிய எழுத்தாக இருக்க வேண்டும். சிறிய எழுத்தானால், இருக்கும் கோப்புகளைக் கேட்காமலே அழித்து மேலெழுது என்று பொருளாகிவிடும். 'டி' சிறிய எழுத்து, 'டைரக்டரி' என்பதன் முதல் எழுத்து. ஜிப் கையில் இல்லாமல், உடைந்த பெயருடன் கோப்புகள் மட்டும் இருந்தால் 'கான்வ்எம்வி' என்ற நிரல் உதவும். அது முதலில் மாற்றப்போகும் பெயர்களை மட்டும் காட்டும், '--நோடெஸ்ட்' என்று சேர்த்தால்தான் உண்மையில் மாற்றும். புதிய கோப்புறையில் எல்லாப் பெயர்களும் ஒழுங்காகத் தெரிகின்றனவா என்று ஒருமுறை பட்டியலிட்டுப் பார்த்த பிறகு, பழைய கோப்புறையை நீக்கிவிடலாம்.