விவகாரமான ஒரு கருத்தைக் கூட்டத்தில் பேசுவது எப்படி?

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் மாதக் கடைசி ஞாயிறு மாலை ஒரு கூட்டம் நடத்துகிறேன். கேட்டவுடன் பாதிப் பேருக்குக் கோபம் வரக்கூடிய கருத்து ஒன்றை எடுத்துக்கொண்டு பேசுவதுதான் வேலை. தேர்வே இல்லாத பள்ளி, ஆய்வகத்தில் வளர்த்த இறைச்சி, தீர்ப்பு எழுதும் கணினி எல்லாம் பேசியாயிற்று. மற்ற ஊர் நண்பர்கள் எப்படி நடத்துவது என்று கேட்பதால் எழுதுகிறேன். உதாரணத்துக்கு ஒரே தலைப்பை வைத்துக்கொள்வோம்: சட்டமன்றத்தில் பாதி இடங்களைக் குலுக்கலில் நிரப்ப வேண்டும்.

தலைப்பை இப்படித்தான் ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டும். 'அரசியல்வாதிகள் எல்லாரும் மோசம்' என்பது ஆதங்கம். அதை வைத்துப் புலம்பலாம், விவாதிக்க முடியாது. எதை, எவ்வளவு, எப்படி மாற்றுவது என்பது வாக்கியத்துக்குள்ளேயே இருந்தால்தான் எதிர்ப்பவருக்கும் பிடி கிடைக்கும். இன்னொரு நிபந்தனையில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. ஒருவருடைய பிறப்பையோ, மனிதராக நடத்தப்படும் உரிமையையோ கேள்வி கேட்கும் தலைப்பை எடுக்காதீர்கள். அறையில் ஒருவர் தன் வாழ்க்கைக்காகப் பேசிக்கொண்டிருக்க, மற்றவர்கள் பொழுதுபோக்காகப் பேசுவது கொடுமை.

அடுத்தது வீட்டுப்பாடம். ஒரே தாளில் இரண்டு பக்கமும் எழுதுங்கள். முன்பக்கம், இந்தக் கருத்து நடைமுறையில் எங்கே பலித்தது என்பது. 2016இல் அயர்லாந்து பொதுமக்கள் 99 பேரைக் குலுக்கல் முறையில் எடுத்து, ஒரு நீதிபதியின் தலைமையில் மக்கள் மன்றம் அமைத்தது. கட்சிகள் தொடவே தயங்கிய கருக்கலைப்புத் தடையைப் பற்றி அவர்கள் வார இறுதிகளில் கூடி, மருத்துவர்களையும் சட்டம் தெரிந்தவர்களையும் கேட்டு, அந்தச் சட்டப்பிரிவை மாற்றச் சொன்னார்கள். 2018 மே மாதம் நடந்த பொது வாக்கெடுப்பில் 66.4 சதவீதம் பேர் மாற்றத்தை ஆதரித்தார்கள்.

பின்பக்கம், எங்கே பலிக்கவில்லை என்பது. அதே அயர்லாந்து மன்றத்தில் பிற்பாடு சேர்ந்த 7 பேரைத் தெரிந்தவர்கள் வழியாகச் சேர்த்தது வெளியே வந்து, அவர்களை நீக்கினார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2004இல் குலுக்கலில் வந்த 160 பேர் புதிய வாக்குமுறை ஒன்றைப் பரிந்துரைத்தார்கள். மறு ஆண்டு வாக்கெடுப்பில் அதற்கு 57 சதவீதத்துக்கு மேல் ஆதரவு கிடைத்தது. தேவைப்பட்டது 60 என்பதால் விழுந்துவிட்டது. இந்தப் பின்பக்கத்தைக் கருத்தை ஆதரிப்பவர்தான் எழுத வேண்டும் என்பது எங்கள் விதி. எதிர்ப்பவர் முன்பக்கத்தை எழுதுவார்.

நம் ஊர்ப் பெருமை கலக்கும் தலைப்பென்றால் இன்னும் கவனம் வேண்டும். குலுக்கல் என்றதும் யாராவது ஒருவர் உத்திரமேரூரைச் சொல்லிவிடுவார். சொல்லட்டும், ஆனால் முழுதாகச் சொல்லட்டும். அந்த ஊர்ச் சபைக்கு ஆள் எடுத்த விதத்தைச் சொல்லும் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு அது. 30 குடும்புகளிலிருந்தும் (இன்றைய வார்டு போன்ற பிரிவுகள்) பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனை எடுக்கச் சொன்னார்கள். அதை வாங்குபவர் ஐந்து விரலும் விரிய உள்ளங்கையை நீட்டித்தான் வாங்க வேண்டும். ஓலையை மாற்றிவிடக் கூடாதே என்ற எச்சரிக்கை எவ்வளவு தூரம் போயிருக்கிறது பாருங்கள்! முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவர் பெயரும், அவருடைய உறவினர் பெயரும் குடத்துக்குள் போகாது. இதெல்லாம் நிஜமாகவே பெருமைதான். ஆனால் குடத்துக்குள் போன பெயர்கள் யாருடையவை? சொந்த மனையில் வீடும், கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலமும், வேதப் படிப்பும் உள்ள பிராமண ஆண்கள். அந்த நிலத்தை உழுதவர் பெயரில் ஓலையே இல்லை. இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்ன பிறகுதான் எங்கள் கூட்டத்தில் உருப்படியான கேள்வி பிறந்தது: குலுக்குவதை விட, குடத்துக்குள் யார் பெயர் போகிறது என்பதுதானே அரசியல்?

கூட்டத்தில் வட்டமாக உட்காருங்கள். வயதில் இளையவர் முதலில் பேசட்டும். பெரியவர் முதலில் பேசிவிட்டால் பிள்ளைகள் 'ஆமாங்க ஐயா' என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அப்புறம் எதிர்ப்பவர், தான் எதிர்க்கும் கருத்தைத் தன் வார்த்தையில் சொல்ல வேண்டும். ஆதரிப்பவர் 'அண்ணே, நான் சொல்ல வந்தது இதுதான்' என்று ஒப்புக்கொண்ட பிறகே மறுப்பைத் தொடங்கலாம். பாதிச் சண்டை இங்கேயே தீர்ந்துவிடும். இதற்கு நேரம் பிடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேச்சு சூடேறும்போது இரு தரப்பையும் ஒரே கேள்வி கேளுங்கள்: எதைக் காட்டினால் உங்கள் எண்ணத்தை மாற்றிக்கொள்வீர்கள்? 'குலுக்கலில் வந்தவர்களை அதிகாரிகள் தம் இஷ்டத்துக்கு வளைத்துவிடுவார்கள் என்று தெரிந்தால் நான் மாறுவேன்' என்றார் ஒரு ஆசிரியை. உடனே பேச்சு குலுக்கலை விட்டு, வந்தவர்களுக்கு யார் பாடம் எடுப்பது, எந்த நிபுணரை அழைப்பது என்று நகர்ந்தது. பதிலே சொல்ல மறுப்பவரை வற்புறுத்த வேண்டாம். கடைசியில் கைதூக்கி வாக்கெடுக்கவும் வேண்டாம். ஜெயித்தது யார் என்ற நினைப்பு வந்தால் அடுத்த மாதம் பாதி நாற்காலி காலி.

சின்ன அளவில் செய்து பார்க்க முடிந்த கருத்தென்றால் செய்தே பாருங்கள். நாங்கள் கூட்ட ஒருங்கிணைப்பாளரைக் குலுக்கலில் எடுக்க ஆரம்பித்தோம். சீட்டெல்லாம் ஒரே தாளில் வெட்டியதாக, ஒரே மடிப்பாக இருக்கட்டும். காலிப் பாத்திரத்தை எல்லாருக்கும் கவிழ்த்துக் காட்டிவிட்டுப் போடுங்கள். பெயர் வந்தவருக்கு விருப்பமில்லை என்றால் காரணம் கேட்காமல் விட்டுவிட்டு அடுத்த சீட்டை எடுக்கலாம். பேசவே கூச்சப்படும் ஒருவர் பெயர் வந்தால் மட்டும் உடனே விட்டுவிடாதீர்கள். முன்பு நடத்திய ஒருவரைத் துணைக்கு உட்காரவைத்து, ஒரு மாதம் நடத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.