ட்ரெட்மில்லில் இருந்து நேராக எம்.ஆர்.ஐ.க்குள்: போவதற்கு முன் படித்துவிடுங்கள்

டாக்டர் சீட்டில் ‘எக்சர்சைஸ் ஸ்ட்ரெஸ் கார்டியாக் எம்.ஆர்.ஐ.’ என்று எழுதியிருந்தால், நம் ஊரில் டிஎம்டி என்று சொல்கிறோமே, ட்ரெட்மில்லில் நடக்கவைத்து ஈசிஜி பார்ப்பது, அதையும் இதய ஸ்கேனையும் ஒரே மூச்சில் செய்யப்போகிறார்கள் என்று அர்த்தம். எல்லா இடத்திலும் இது கிடையாது. சாதாரண ட்ரெட்மில்லில் இருக்கும் இரும்பையும் மோட்டாரையும் வைத்துக்கொண்டு அந்தக் காந்தத்தின் பக்கத்தில் போக முடியாது என்பதால், பெரும்பாலான மருத்துவமனைகள் அடினோசின் போன்ற மருந்தை ஏற்றி ரத்தக் குழாய்களை விரியவைத்துத்தான் பார்க்கின்றன. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆர்லாண்டோ சிமோனெட்டி, சுபா ராமன் ஆகியோரின் குழு, ஹைட்ராலிக்கில், அதாவது திரவ அழுத்தத்தில், ஓடும் ஒரு ட்ரெட்மில்லை உருவாக்கி ஸ்கேன் மேஜைக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்தது.

பக்கத்தில் எதற்கு? ஓட்டத்தை நிறுத்தியதுமே நாடித்துடிப்பு இறங்க ஆரம்பித்துவிடும். ரத்தம் போதாமல் சரியாகச் சுருங்காத இதயத் தசை, ஓரிரு நிமிடத்தில் ஒன்றும் நடக்காதது போல மறுபடி வேலை செய்யலாம். அதனால் இறங்கி, படுத்து, படத்துக்கான சிக்னலைப் பிடிக்கும் காயிலை மார்பில் கட்டி, உள்ளே போய் முதல் படம் எடுப்பது வரை எல்லாம் சுமார் 60 வினாடிக்குள் முடியவேண்டும். இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் மற்ற எல்லாத் தயாரிப்பும்.

முதலில் மாத்திரை. மெட்டோப்ரோலால், பைசோப்ரோலால் மாதிரி, இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவர்களுக்குத் துடிப்பு லேசில் ஏறாது. 220-இல் இருந்து வயதைக் கழித்து, அதில் 85 சதவீதம் என்பதுதான் வழக்கமான இலக்கு. 60 வயதுக்காரரின் துடிப்பு நிமிடத்துக்கு 136-ஐத் தொடவேண்டும். அதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், டாக்டர் சொன்னால் மட்டும். காபி, டீயை முந்தின நாளே விட்டுவிடுவது நல்லது: கால் ஒத்துழைக்காமல் மருந்துக்கு மாறவேண்டி வந்தால், காபியில் இருக்கும் காஃபீன் அடினோசினை வேலை செய்ய விடாது. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டும் போகாதீர்கள்.

அப்புறம் உடை. ஜிம்முக்குப் போடுகிற டீ-ஷர்ட், லெகிங்ஸ் சிலவற்றில் நாற்றம் வராமல் இருக்க வெள்ளி இழை சேர்த்திருப்பார்கள். அது ஸ்கேனுக்குள் சூடாகித் தோலைச் சுட்டுவிடலாம், எனவே அவர்கள் கொடுக்கும் உடையே போதும். மெட்டி, அரைஞாண், தாலியில் கோத்த ஊக்கு எல்லாம் வெளியே வைத்துவிட்டுப் போங்கள். ‘வெள்ளிதானே, காந்தத்தில் ஒட்டாதே’ என்று வாதாடவேண்டாம், மின்சாரத்தைக் கடத்தும் எதுவும் சூடாகலாம். பேஸ்மேக்கர், ஆபரேஷனில் வைத்த பழைய கிளிப், சிறுநீரகக் கோளாறு எது இருந்தாலும் முன்பதிவு செய்யும்போதே சொல்லுங்கள்.

ட்ரெட்மில்லில் பெரும்பாலும் புரூஸ் முறைதான்: மணிக்கு 2.7 கிலோமீட்டர், 10 சதவீத ஏற்றத்தில் தொடங்கி, 3 நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். கைப்பிடியில் உடம்பைச் சாய்க்காதீர்கள், எடை கைக்குப் போனால் இதயத்துக்கு வேலை குறைந்துவிடும். நெஞ்சு வலி, தலைசுற்றல் வந்தால் வீரம் காட்டாமல் உடனே சொல்லிவிடவேண்டும். வெறும் மூச்சிரைப்பு என்றால் அதையும் சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் தாங்கப் பாருங்கள். சில இடங்களில் ட்ரெட்மில்லுக்குப் பதிலாகப் படுத்தபடியே மிதிக்கும் பெடல் இருக்கும். அதில் இதயம் களைப்பதற்குள் தொடை களைத்துவிடும், உயரமானவர்களுக்கு முழங்கால் வேறு இடிக்கும். என்னைக் கேட்டால் ட்ரெட்மில்தான் மேல்.

ஓடத் தொடங்கும் முன்பே, மேஜையில் எப்படி ஏறுவது, தலை எந்தப் பக்கம், கை எங்கே என்று ஒரு ஒத்திகை கேளுங்கள். இறங்கினதும் தண்ணீர் கேட்பது, முகம் துடைப்பது, ‘எப்படிப் போச்சு?’ என்று விசாரிப்பது எதுவும் வேண்டாம், நேராகப் படுத்துவிடுங்கள். மூச்சு வாங்குகிறதே, அடக்க முடியாதே என்று பயப்படத் தேவையில்லை; மூச்சு விடும்போதே எடுக்கிற ரியல் டைம் படம்தான் இது. அசையாமல் இருந்தால் சரி. காந்தத்துக்குள் ஓடும் ரத்தமே சிறு மின்னழுத்தத்தை உண்டாக்கி ஈசிஜி கோட்டைக் கோணலாக்கிவிடும், உங்கள் கண்ணில் பட்டால் பதறாதீர்கள்.

கையில் போட்ட ஊசி வழியாக, படத்தைத் தெளிவாக்கும் கடோலினியம் என்ற மருந்து போகும், லேசான குளிர்ச்சி தெரியும். பிறகு ஓய்வில் சில படங்கள், சுமார் 10 நிமிடம் கழித்துப் பழைய மாரடைப்பின் தழும்பு இருக்கிறதா என்று பார்க்கும் படங்கள். இந்தக் கட்டத்தில் மூச்சை அடக்கச் சொல்வார்கள். கிளம்பும் முன், நிறுத்திவைத்த மாத்திரையை அன்று இரவே போடலாமா, மறுநாள் காலையிலா என்று கேட்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.