பஷ்தூன்வாலியைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பஷ்தூன்வாலி என்றதும் பலருக்கு நினைவு வருவது பழிக்குப் பழிதான். ஆப்கானிஸ்தானின் தெற்கிலும் கிழக்கிலும், பாகிஸ்தானின் வடமேற்கிலும் வாழும் பஷ்தூன் மக்களின் நெறி இது. எழுதி வைத்த சட்டம் அல்ல. பழிவாங்குவதற்கு, அதாவது ‘பதல்’ என்பதற்கு, இதில் இடம் உண்டு என்பது உண்மை. ஆனால் பகையை முடிக்கும் வழியையும் இதே நெறி வைத்திருக்கிறது. அதன் பெயர் நனவாத்தை. குற்றம் செய்தவர் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு, பல ஊர்களில் ஆட்டையும் ஓட்டிக்கொண்டு, எதிராளியின் வாசலுக்கே போய் மன்னிப்புக் கேட்பார். அப்படி வந்தவரைத் திருப்பி அனுப்புவது வீட்டுக்காரருக்குத்தான் இழுக்கு. இதைச் சொல்லாமல் பதலை மட்டும் சொல்வது அந்த மக்களுக்குச் செய்யும் அநியாயம்.

நம் பாடப் புத்தகங்களில் வரும் எல்லைக் காந்தி கான் அப்துல் கபார் கானும் பஷ்தூன்தான். 1929-இல் அவர் தொடங்கிய குதாய் கித்மத்கார் இயக்கத்தினர் ஆயுதம் ஏந்துவதில்லை என்று உறுதிமொழி எடுத்தார்கள். 1930 ஏப்ரல் 23 அன்று பெஷாவரின் கிஸ்ஸா கவானி கடைத்தெருவில் பிரிட்டிஷ் படை சுட்டபோதும் திருப்பி அடிக்கவில்லை.

அப்புறம், விருந்தோம்பலைச் சாப்பாட்டோடு நிறுத்திவிடக் கூடாது. அடைக்கலம் வந்தவரின் உயிருக்கும் வீட்டுக்காரரே பொறுப்பு. 2005-இல் ஆப்கானிஸ்தானின் குனார் மலைகளில் காயத்தோடு தப்பிய அமெரிக்கப் படைவீரர் மார்கஸ் லட்ரெல்லை முகமது குலாப் என்ற கிராமத்தவர் காப்பாற்றினார். தாலிபான்கள் மிரட்டியும் ஊரார் ஒப்படைக்கவில்லை. அதற்காகப் பின்னாளில் குலாப் நாட்டை விட்டே போக நேர்ந்தது.

தாலிபான்களில் பெரும்பாலோர் பஷ்தூன்கள் என்பதால் அவர்களின் கொள்கையையும் பஷ்தூன்வாலியையும் ஒன்றாக்குவதும் தவறு. தாலிபான்கள் முன்வைக்கும் ஷரியத், அதாவது இஸ்லாமியச் சட்டம், பெண்ணுக்குச் சொத்துரிமை தருகிறது. பஷ்தூன் வழக்கமோ பல இடங்களில் அதை மறுக்கிறது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: எல்லாவற்றையும் பெருமையாக மட்டும் எழுதுவது. பகை தீர்க்க ஒரு வீட்டுப் பெண்ணை எதிர்வீட்டுக்குக் கட்டிக்கொடுக்கும் வழக்கம் பாகிஸ்தானில் ‘ஸ்வாரா’, ஆப்கானிஸ்தானில் ‘பாத்’. கொன்றவன் யாரோ, தண்டனை அனுபவிப்பவள் ஒரு சிறுமி. முடிவெடுக்கும் ஜிர்காவிலோ, அதாவது ஊர்ப் பஞ்சாயத்திலோ, காலங்காலமாக ஆண்கள்தான். பாகிஸ்தான் சட்டம் இப்படிப் பெண்ணைக் கொடுப்பதைக் குற்றமாக்கியிருக்கிறது. ஆப்கானிஸ்தானில் 2009-இல் வந்த சட்டமும் அப்படியே செய்தது. பெண்களின் படிப்பைத் தடுத்த தாலிபான் தலைமையே 2021 டிசம்பரில், சமாதானத்துக்காகப் பெண்ணைக் கொடுக்கக் கூடாது என்று ஆணையிட்டது.