பயப்படற குட்டி நாய்க்கு மாத்திரை குடுக்கறது எப்படி

எங்க கடுகு 4 கிலோ பொமரேனியன். மும்பை செம்பூர்ல மூணாவது மாடியில இருக்கோம், பக்கத்து வீட்டு குக்கர் விசில் அடிச்சாலே திவானுக்கு அடியில போய்டுவா. போன மழைக்காலத்துல அவளுக்கு உண்ணிக் காய்ச்சல் வந்துச்சு, டாக்டருங்க டிக் ஃபீவர்னு சொல்வாங்களே அது. டாக்ஸிசைக்ளின் 28 நாள் குடுக்கச் சொன்னாங்க. முதல் நாள் டவல்ல சுத்தி எங்க வீட்டுக்காரர் புடிச்சுக்க, நான் வாயைத் திறந்து மாத்திரையைப் போட்டுட்டேன், உள்ள போய்டுச்சு, அவ்ளோதான்னு நெனச்சோம். மறுநாள் காலைல ஸ்ட்ரிப்ப எடுத்த சத்தம் கேட்டதுமே நடுங்கி நின்ன இடத்துலயே மூத்திரம் போய்ட்டா. எனக்கு அழுகையே வந்துடுச்சு. அவ பயந்தது மாத்திரைக்கு இல்ல, எங்க கைக்கு. இன்னும் 27 நாள் பாக்கி இருந்துச்சு, அந்த நாள்கள்ல கத்துக்கிட்டதைத்தான் இங்க எழுதறேன்.

முதல் ஸ்டெப், டாக்டர்கிட்ட மூணு விஷயம் கேட்டுட்டுத்தான் க்ளினிக்க விட்டு வெளிய வரணும். மாத்திரைய உடைக்கலாமா, வெறும் வயித்துலயா சாப்பாட்டோடயா, பால் தயிர் பன்னீரோட குடுக்கலாமா. சில மாத்திரைக்கு மேல குடல்ல போய் கரையறதுக்குன்னே ஒரு கோட்டிங் இருக்கும், அதை உடைச்சா வேலை கெட்டுடும். மெட்ரோனிடசோல் மாதிரி மாத்திரைய உடைச்சா அவ்ளோ கசப்பு, வாயெல்லாம் நுரை தள்ளும், அப்புறம் அந்த சாப்பாட்டையே நம்பாது. டாக்ஸிசைக்ளின்ல இன்னொரு விஷயம், பால்ல இருக்கற கால்சியம் மருந்தோட ஒட்டிக்கிட்டு உடம்புல சரியா ஏற விடாது, நம்மாளுங்க எல்லாத்தையும் தயிர்சாதத்துல பிசைஞ்சு குடுப்போம் இல்லையா, இந்த மருந்துக்கு அது வேண்டாம். அப்புறம் எடையைக் கண்டிப்பா போட்டுப் பாருங்க, டோஸ் கிலோ கணக்குதான், பில்டிங்ல யாரோ லாப்ரடாருக்குக் குடுத்த மிச்சத்தை வாங்கிக் குடுக்காதீங்க. நமக்கு வாங்கற பாராசிட்டமால், ஐப்யூப்ரோஃபென் கிட்டயே கொண்டு போகாதீங்க, குட்டி நாய்க்கு ரொம்ப ஆபத்து.

ரெண்டாவது, எதுக்குள்ள ஒளிக்கறதுன்னு பாக்கணும். எனக்கு நல்லா செட் ஆனது இட்லி. ஆறின இட்லிய கொஞ்சம் கிள்ளி விரலால பிசைஞ்சா மாவு மாதிரி ஆயிடும், மாத்திரைய நடுவுல வெச்சு உருட்டிடலாம். வேகவெச்ச சிக்கன் லிவர், பழுத்த வாழைப்பழத் துண்டும் ஓகே. சாம்பார்ல தொட்டுக் குடுக்காதீங்க, வெங்காயம் நாய்க்கு ஆகாது. பீனட் பட்டர் வெக்கறதா இருந்தா லேபிள்ல சைலிட்டால்னு (சர்க்கரைக்குப் பதிலா போடற இனிப்பு) இருக்கான்னு பாருங்க, இருந்தா அது விஷம்.

மூணாவதுதான் முக்கியம், ஒத்திகை. மருந்து நேரம் இல்லாத சமயத்துல ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை மாத்திரையே இல்லாத உருண்டைய சும்மா குடுங்க, குனிஞ்சு மேல வந்து குடுக்காம தரையில பக்கவாட்டுல உக்காந்து குடுங்க. உதட்டை நக்கறது, கொட்டாவி விடறது, காதைப் பின்னாடி மடக்கறது, கண்ணோட வெள்ளை தெரியறது, இதெல்லாம் அவ பயப்படறான்னு அர்த்தம், உடனே கொஞ்சம் தள்ளி உக்காருங்க.

இப்ப நிஜமா குடுக்கற நேரம். மாத்திரைய வேற ரூம்லயே ஸ்ட்ரிப்லேந்து எடுத்துடுங்க. ஒரு கையால மாத்திரைய உள்ள வைங்க, இன்னொரு கையால உருண்டைய மூடுங்க, இல்லன்னா மருந்து வாசனை மேல ஒட்டிக்கும், அவ மூக்குக்குத் தெரியாம போகாது. மூணு உருண்டை ரெடி பண்ணுங்க, முதல்ல வெறும் உருண்டை, ரெண்டாவதுல மாத்திரை, அது வாயில இருக்கறப்பவே மூணாவதைக் கண்ணுல காட்டணும். அடுத்தது வருதேன்னு ரெண்டாவதை மெல்லாம முழுங்கிடுவா. பிள்ளையாரைக் கரைக்கற கணபதி விசர்ஜன் மாதிரி நாள்ல டோல் தாஷா மேளச் சத்தம் ஆரம்பிக்கறதுக்குள்ள குடுத்துடுங்க, பயத்துல இருக்கற நாய் சாப்பிடவே சாப்பிடாது.

சாப்பாட்டையே தொடலன்னா கையால போட்டுத்தான் ஆகணும், அது முதல் வழி இல்ல, கடைசி வழி. முதுகு உங்க வயித்துப் பக்கம் இருக்கற மாதிரி மடியில வெச்சுக்குங்க. கழுத்தைப் புடிக்காதீங்க, பொமரேனியன் மாதிரி சின்ன ஜாதிகளுக்கு மூச்சுக்குழாய் ஏற்கனவே பலவீனமா இருக்கலாம். மேல் தாடைய கோரைப்பல்லுக்குப் பின்னாடி கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமா மெதுவா புடிச்சு, மூக்கைக் கொஞ்சம் தூக்கி, இன்னொரு கை விரலால கீழ்த்தாடைய இறக்கி, நாக்கோட பின்பக்கம் நடுவுல வெச்சுட்டு வாயை மூடி தொண்டைய லேசா தடவுங்க. மூக்கை நக்கினா முழுங்கிட்டான்னு அர்த்தம். பின்னாடியே ஊசி இல்லாத சிரிஞ்சுல 2-3 எம்எல் தண்ணியோ ஒரு வாய் சாப்பாடோ கண்டிப்பா குடுக்கணும், டாக்ஸிசைக்ளின் உணவுக்குழாய்ல ஒட்டிக்கிட்டா உள்ள புண்ணாயிடும். பக், ஷிட்ஸூ மாதிரி மூக்கு சப்பையா இருக்கற நாய்னா வாயை ரொம்ப நேரம் மூடிப் புடிக்காதீங்க, மூச்சு முட்டும். உறுமினாலோ பல்லைக் காட்டினாலோ அதோட விட்டுட்டு டாக்டருக்கு ஃபோன் பண்ணுங்க, சில மருந்து சிரப்பாவே கிடைக்கும்.

சிரப்னா தலையை அண்ணாந்து புடிச்சு ஊத்தவே கூடாது, நுரையீரலுக்குள்ள போய்டும். தலை நேரா இருக்கணும், கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவுல சிரிஞ்ச் நுனிய வெச்சு அரை எம்எல், அவ முழுங்கினதும் இன்னொரு அரை எம்எல், அப்படியே போங்க.

குடுத்துட்டு ஒரு அஞ்சு நிமிஷம் கூடவே இருங்க. கடுகு ஒரு தடவை கன்னத்துல ஒதுக்கி வெச்சிருந்து சோஃபாவுக்குப் பின்னாடி துப்பிட்டா. வாந்தி எடுத்தா நீங்களா இன்னொரு டோஸ் குடுக்காதீங்க, எத்தனை நிமிஷம் கழிச்சு எடுத்தா, மாத்திரை வெளிய வந்துச்சான்னு டாக்டர்கிட்ட சொல்லிக் கேளுங்க. ரெண்டு நாள்ல துள்ள ஆரம்பிச்சாலும் கோர்ஸைப் பாதியில நிறுத்தாதீங்க.

கோர்ஸ் முடிஞ்சதும் காலி ஸ்ட்ரிப் ஒண்ணைத் தூக்கிப் போடாம அவளுக்கு எட்டாத இடத்துல எடுத்து வைங்க. நான் வாரத்துல ரெண்டு தடவை அதைக் கசக்கி சத்தம் காட்டிட்டு உடனே ஒரு துண்டு இட்லி குடுக்கறேன். இப்பல்லாம் அந்த சத்தம் கேட்டா கடுகு திவானுக்கு அடியிலேர்ந்து வெளிய வந்து உக்காருவா.