ரோல் போனது, வேலை போகவில்லை: டிஜிட்டலில் படம் எடுக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

பாலாற்றில் தண்ணீர் வந்தால் வேலூரில் அது திருவிழா மாதிரி. 2021 நவம்பரில் வெள்ளம் போனபோது ஊரே பாலத்துக்கு வந்துவிட்டது. நானும் போனேன். வீடு திரும்பிப் பார்த்தால் போனில் 214 படங்கள். எல்லாமே பழுப்புத் தண்ணீர். கொஞ்சம் இடப்பக்கத்துத் தண்ணீர், கொஞ்சம் வலப்பக்கத்துத் தண்ணீர், என் கட்டைவிரலோடு சேர்ந்த தண்ணீர். வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்பது ஒரு படத்திலும் தெரியவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மரமோ, மனுஷனோ, பாலத்துத் தூணோ எதிலும் இல்லை.

அப்பா எடுத்த பாலாற்று வெள்ளம் ஒன்று ஆல்பத்தில் இருக்கிறது. நான் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்துப் படம். தூண், தூணில் மோதிச் சுழிக்கும் தண்ணீர், கைப்பிடிச் சுவரில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு எட்டிப் பார்க்கும் ஒரு லுங்கிக்காரர். அவ்வளவுதான், ஆனால் பார்த்ததும் ஆறு புரிந்துவிடும். அப்பா ஒன்றும் பெரிய போட்டோகிராபர் இல்லை. பிலிம் ரோலில் மிச்சம் இருந்தது நாலு படம், அடுத்த வாரம் அத்தை பெண்ணின் கல்யாணம். யோசிக்காமல் பொத்தானை அழுத்த முடியாத நிலைமை.

பிலிம் காலம்தான் பொற்காலம் என்று ஒப்பாரி வைக்க இதைச் சொல்லவில்லை. ரோல் வாங்கி, ஸ்டுடியோவில் கழுவக் கொடுத்து, ஒரு வாரம் நடையாய் நடந்து, கடைசியில் பாதி படத்தில் கண்ணை மூடிய முகங்களைப் பார்த்த கஷ்டம் எனக்கு நன்றாகவே நினைவிருக்கிறது. விஷயம் வேறு. பிலிமில் படத்துக்கான உழைப்பு பெரும்பாலும் பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் முடிந்துவிடும். மீதியை ஸ்டுடியோக்காரர் பார்த்துக்கொள்வார். டிஜிட்டலில் அந்த உழைப்பு அழுத்திய பிறகு வருகிறது, அதுவும் நம் தலையிலேயே: பொறுக்குவது, பத்திரப்படுத்துவது, தேதி சரிபார்ப்பது, பிரிண்டுக்குக் கொடுப்பது. நாமோ வேலையே ஒழிந்தது என்று நினைத்துக்கொண்டோம்.

எடுத்துவிட்டுப் பொறுக்காமல் விடுவது

நிறைய எடுப்பது தவறே இல்லை. குழந்தைக்கு மொட்டை அடிக்கும்போது முப்பது எடுத்தால்தான் ஒன்று அழாமல் வரும். முப்பதையும் வைத்துக்கொள்வதுதான் தவறு. மூன்று வருஷம் கழித்து அந்த ஒரு படத்தைத் தேடும்போது, இருபத்தொன்பது அழுகைக்கு நடுவில் அது கண்ணிலேயே படாது.

இரண்டு பழக்கம் உதவும். முதலாவது, எடுத்த இடத்திலேயே அழிக்காதீர்கள். வெயிலில் நின்றுகொண்டு உள்ளங்கை அளவுத் திரையில் எது தெளிவு, எது மங்கல் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. அதைவிட முக்கியம், குனிந்து திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் பாட்டி சிரிப்பாள். இரண்டாவது, அழிக்க வேண்டியதைத் தேடாமல், வைத்துக்கொள்ள வேண்டியதைத் தேடுங்கள். எதை அழிக்கலாம் என்று பார்த்தால் மனசு வராது, ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் தோன்றும். எது வேண்டும் என்று பார்த்தால் பத்து நிமிஷ வேலை. பிடித்ததற்கு இதயக் குறி போட்டுக்கொண்டே போங்கள். காட்பாடியில் ரயிலுக்குக் காத்திருக்கும் நேரம் போதும். குறி விழாதவற்றை ஒரு மாதம் கழித்துக் கண்ணை மூடிக்கொண்டு அழிக்கலாம்.

கோட்டை வெயிலும் பழைய பாடமும்

பிலிமில் பழகியவர்கள் அதிகம் வழுக்கி விழுவது வெளிச்சத்தில்தான். கலர் நெகட்டிவ் பிலிமுக்கு (நிறமும் வெளிச்சமும் தலைகீழாகப் பதியும் பிலிம்) வெளிச்சம் கொஞ்சம் கூடிப்போனால் பெரிய குற்றமில்லை. குறைந்தால்தான் படம் புழுதி படிந்த மாதிரி வரும். அதனால் "சந்தேகமா இருந்தா ஒரு ஸ்டாப் கூட்டி வை" என்பது அந்தக் காலத்துப் பாடம் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). டிஜிட்டலில் இது தலைகீழ். சென்சாரில், அதாவது கேமராவுக்குள் வெளிச்சத்தைப் பதியும் சில்லில், உள்ள ஒவ்வொரு புள்ளியும் குழாயடியில் வைத்த குடம் மாதிரி. நிரம்பிய பிறகு விழும் தண்ணீர் வழிந்து போய்விடும், திரும்ப அள்ள முடியாது. வெளிச்சம் கூடினால் வெள்ளை வேட்டியின் மடிப்பு, பட்டுப்புடவையின் ஜரிகை, வானத்து மேகம் எல்லாம் ஒரே சுண்ணாம்பாகிவிடும். எந்தச் செயலியாலும் அதை மீட்க முடியாது, அங்கே மீட்க எதுவும் பதிவாகவே இல்லை. நிழலில் இருட்டாக வந்த பகுதியை மட்டும் ஓரளவு மேலே தூக்கலாம். ஆகவே இப்போதைய பாடம்: சந்தேகம் வந்தால் கொஞ்சம் குறைத்து வை. போனில் வெளிச்சமான இடத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்தால் போதும்.

வேலூரில் இதற்கு இன்னொரு வில்லங்கமும் உண்டு. கத்திரி வெயிலில் போன் சூடேறினால் திரையின் வெளிச்சத்தைத் தானாகக் குறைத்துக்கொள்ளும். படம் இருட்டாக இருப்பதாக நமக்குத் தோன்றும், வெளிச்சத்தைக் கூட்டிவிடுவோம். வீட்டுக்கு வந்து பார்த்தால் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் கோபுரத்துக்குப் பின்னால் வானமே இல்லை, வெறும் வெள்ளைக் காகிதம். வெயிலில் திரையை நம்பவே கூடாது. படத்தில் இருட்டு எவ்வளவு, வெளிச்சம் எவ்வளவு என்று இடமிருந்து வலமாகச் சொல்லும் ஹிஸ்டோகிராம் என்ற வரைபடம் காட்டும் கேமராவாக இருந்தால் அதைப் பாருங்கள். வலது ஓரத்தில் மலை போல் முட்டி நின்றால் குடம் வழிகிறது என்று அர்த்தம்.

அதே கோயிலின் கல்யாண மண்டபம் கடினமான இடம். உள்ளே யாளித் தூண்களுக்கு நடுவில் நிழல், வெளியே கண் கூசும் வெயில். தூணோரம் ஆளை நிறுத்தி, வெளிச்சம் பின்னால் இருக்கும்படி எடுத்தால் முகம் கறுத்துவிடும், முகத்தைத் தேற்றினால் பின்னணி வெளுத்துவிடும். ஆப்பில் சரிசெய்யலாம் என்று விடாமல் நாலடி நகருங்கள். நீங்கள் வெளிப்பக்கம் வந்து, ஆளை மண்டபத்தின் விளிம்பில், நிழலுக்குள், உங்களைப் பார்த்து நிற்கச் சொல்லுங்கள். முகத்தில் மெதுவான வெளிச்சம் விழும், பின்னணி இருட்டாக இருக்கும், சிற்பமும் கெடாது.

வாட்ஸ்அப்பில் வந்ததைப் பிரிண்ட் போடுவது

கல்யாணப் படத்தைப் பெரிதாக மாட்ட ஆசைப்பட்டு, குடும்பக் குழுவில் வந்ததை எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போவார்கள். 12 மெகாபிக்சல் போனில் எடுத்த படம் 4000-க்கு 3000 புள்ளிகள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் நீளப்பக்கம் சுமார் 1600-ஆகச் சுருங்கிவிடும். அதாவது புள்ளிகளில் ஆறில் ஒரு பங்குகூட மிஞ்சாது. ஆல்பத்தில் ஒட்டும் 4-க்கு 6 அங்குலப் பிரிண்டுக்கு அது ஏதோ சமாளிக்கும். 12-க்கு 18 போட்டால் ஓர் அங்குலத்துக்குத் தொண்ணூறு புள்ளிதான், மாப்பிள்ளையின் மீசை கரிக்கோடு மாதிரி தெரியும். பிறகு ஸ்டுடியோக்காரரைத் திட்டிப் புண்ணியமில்லை. அனுப்புகிறவரிடம் "டாக்குமென்ட்டா அனுப்புங்க" என்று கேளுங்கள், அப்படி அனுப்பினால் சுருங்காது. 2023-இல் வந்த எச்டி வசதி பரவாயில்லை, ஆனால் அதுவும் முழு அசல் கிடையாது.

இன்னொரு சிக்கல், தலை வெட்டுப்படுவது. 35 எம்எம் பிலிமின் கட்டம் 36-க்கு 24 மில்லிமீட்டர், 4-க்கு 6 பிரிண்டுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. போன் படம் அப்படியில்லை, 4-க்கு 3 விகிதம். அதே பிரிண்ட் போடும்போது மேலேயும் கீழேயுமாக உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு போய்விடும். குரூப் போட்டோவில் பின்வரிசைப் பெரியப்பாவின் தலைக்கு மேலும், முன்வரிசைப் பிள்ளைகளின் காலுக்குக் கீழும் கொஞ்சம் இடம் விட்டு எடுங்கள். பிலிம் காலத்தில் சட்டத்தை நிரப்பி எடுக்கக் கற்றவர்களுக்கு இது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கும்.

தேதி

"ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு" என்று எங்கள் ஊரைக் கிண்டல் செய்வார்கள். கோட்டைக் கோயிலில் நெடுங்காலம் மூலவர் இல்லை. 1981-இல்தான் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். எங்கள் வீட்டில் அந்த மண்டபத்தில் எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம் உண்டு. பின்பக்கம் எதுவும் எழுதவில்லை. "சாமி வர்றதுக்கு முன்னாடி" என்று பாட்டி சொன்னதை வைத்துத்தான் காலத்தைக் கணக்குப் போட்டோம்.

டிஜிட்டல் படத்துக்குள் தேதியும் நேரமும் தானாகப் பதியும். நல்ல வசதி, ஆனால் இரண்டு இடத்தில் ஏமாற்றிவிடும். பேட்டரி முழுவதும் தீர்ந்து நாள்கணக்கில் கிடந்த கேமராவில் கடிகாரம் பழைய தேதிக்குப் போய்விடலாம், விசேஷத்துக்கு முன்னால் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் உள்ளே இருந்த தேதி உதிர்ந்துவிடும், உங்கள் கேலரி அந்தப் படம் வந்து சேர்ந்த நாளைக் காட்டும். தாத்தாவின் எண்பதாம் கல்யாணம் தீபாவளிக்கு நடந்ததாகப் பேரப்பிள்ளைகள் நினைக்கப்போகிறார்கள். வருஷம், ஊர், விசேஷம் மூன்றையும் போல்டர் பெயரிலேயே எழுதிவிட்டால் தீர்ந்தது.

ஒரே இடத்தில் வைப்பது

இதில் நான் அடி வாங்கியவன். இரண்டு வருஷப் படங்களை ஒரு ஹார்ட் டிஸ்கில் போட்டுவிட்டு, இடம் வேண்டுமென்று போனிலிருந்து அழித்தேன். டிஸ்க் மேஜையிலிருந்து கீழே விழுந்தது. சின்னச் சத்தம்தான். அம்மா கடைசியாக நன்றாக நடமாடிய பொங்கல் அதற்குள் இருந்தது. சித்தியின் போனுக்கு அனுப்பியிருந்த ஏழு படங்கள் மட்டும் மிஞ்சின.

குறைந்தது இரண்டு இடம் வேண்டும், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். வேறு ஊரில் இருக்கும் அண்ணன் வீட்டு அலமாரியாகவும் இருக்கலாம், இணையத்திலும் இருக்கலாம். இணையத்தில் வைப்பவர்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். கூகுள் போட்டோஸ் போன்றவற்றில் பேக்கப் ஆன படத்தை அதே ஆப்பில் அழித்தால் மேலே இருக்கும் பிரதியும் சேர்ந்தே போகும். போனில் மட்டும் இடம் காலியாக்க அதற்கென்று தனி வசதி இருக்கிறது, அதைத்தான் பயன்படுத்த வேண்டும். தெரியாமல் அழித்துவிட்டால் பதற வேண்டாம், குப்பைத் தொட்டியில் பேக்கப் ஆன படங்கள் 60 நாள் கிடக்கும். மெமரி கார்டில் அழித்துவிட்டால், உடனே கார்டை வெளியே எடுத்துவிட்டு அதில் ஒரு படம்கூட எடுக்காமல் இருங்கள். அழிந்தது பெரும்பாலும் பட்டியல்தான், படம் உள்ளேயே இருக்கும். மேலே புதிதாக எழுதாதவரை மென்பொருள் போட்டு மீட்க வாய்ப்புண்டு.

சின்னச் சின்னதாகவும் சில. பிரியாணி சாப்பிட்ட கையோடு போனைத் தொட்டால் லென்சில் எண்ணெய் படியும், ராத்திரி விளக்கெல்லாம் வால் முளைத்துத் தெரியும். எடுப்பதற்கு முன்னால் பருத்தித் துணியால் ஒரு துடை. விரலால் விரித்துக் கிட்டே கொண்டுவரும் ஜூம் பல போன்களில் ஓரளவுக்கு மேல் வெறும் வெட்டிப் பெரிதாக்குவதுதான், கால் இருக்கும்போது நடந்து போகலாம்.

நெகட்டிவைத் தூக்கிப்போடுவது

என் கணக்கில் இதுதான் பெரிய தவறு. ஆல்பத்தை எல்லாம் போனில் படம் பிடித்தாயிற்று, இனி இந்தக் கறுப்பு நாடா எதற்கு என்று வீடு மாறும்போது குப்பையில் போட்டுவிடுகிறார்கள். பிரிண்ட் என்பது நெகட்டிவிலிருந்து எடுத்த நகல். அதை மறுபடி போனில் எடுப்பது நகலின் நகல், அதுவும் பிளாஸ்டிக் உறையின் பளபளப்போடு. ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த இந்து பிலிம் (மதத்துக்குச் சம்பந்தமில்லை, இந்து என்றால் நிலா) பல வீட்டில் இன்னும் கிடக்கும். பன்னிரண்டே படம் எடுக்கும் ஆக்ஃபா கிளிக் 3 டப்பா கேமராவின் அகலமான நெகட்டிவ் கிடைத்தால் விடவே விடாதீர்கள், கட்டம் பெரிது, விவரம் அதிகம்.

முதலில் அவற்றைப் பரணிலிருந்து இறக்குங்கள். மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் பரண் மே மாதத்தில் அடுப்பு. சூட்டிலும் ஈரத்திலும் பழைய பிலிம் சிதைந்து வினிகர் வாசனை அடிக்கத் தொடங்கும். அப்படி வாசனை வருவதை மற்றவற்றோடு சேர்க்காமல் தனியாக வைத்து, அதை முதலில் நகலெடுங்கள். சாதாரண ஸ்கேனரில் வைத்தால் கறுப்பாகத்தான் வரும், பின்னாலிருந்து வெளிச்சம் வேண்டும். ஒரு டேப்லெட்டில் வெற்று வெள்ளைத் திரையை வைத்து, இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரத்தில் நெகட்டிவைப் பிடித்து, மேலிருந்து போனில் எடுங்கள். திரையில் ஒட்டிவைத்தால் அதன் புள்ளிகளும் விழும். பிறகு எடிட்டரில் நிறத்தைத் தலைகீழாக்க வேண்டும். கலர் நெகட்டிவின் ஆரஞ்சுப் பூச்சு நீலமாக மாறித் தொந்தரவு செய்யும், அதைத் தனியாகக் குறைத்துக்கொள்ளலாம்.

அப்பாவின் வெள்ளப் படத்தை இப்படித்தான் எடுத்தேன். உறையில் இருந்த கடைசித் துண்டில் நாலு கட்டம். முதல் கட்டத்தில் பாலாறு. அடுத்த மூன்றும் கல்யாணம்.