போன் போட்டாலும் தொய்யாத பாக்கெட்: பாவாடையிலும் பேன்ட்டிலும் தைப்பது எப்படி?

ஆண்கள் பேன்ட் ஒன்றை உள்பக்கமாகப் புரட்டிப் பாருங்கள். பாக்கெட் பையின் மேல் ஓரம் இடுப்புப் பட்டிக்குள் போய்த் தைக்கப்பட்டிருக்கும். உள்ளே போடும் எடையை இடுப்பு தாங்கிக்கொள்ளும். பெண்களின் பாவாடைகள் பலவற்றில் பை சைடு தையலில் மட்டும் தொங்குகிறது. அதனால்தான் போன் போட்டதும் துணி ஒரு பக்கமாக இறங்கி ஃபிட்டிங் கெடுகிறது. பாக்கெட்டைக் குறை சொல்லிப் பயனில்லை, மாட்டிய இடம்தான் தவறு.

1. பைக்கு இழுபடாத, நெருக்கமாக நெய்த காட்டன் எடுங்கள். வழுக்கும் லைனிங் துணி வேண்டவே வேண்டாம், சாவி ஓட்டை போட்டுவிடும். காகிதத்தில் கையை வைத்து வரைந்து, சுற்றிலும் 3 செ.மீ. கூட்டி, மேல்பகுதியை இடுப்புப் பட்டி வரை நீட்டுங்கள். ஒரு பாக்கெட்டுக்கு 2 துண்டு.

2. பட்டிக்குக் கீழே 5 செ.மீ. விட்டு, 16 செ.மீ. நீளத்துக்கு சைடு தையலைப் பிரியுங்கள். பிளேடு துணியையும் சேர்த்து வெட்டும், தையலைப் பிரிக்கும் சிறு கருவியான சீம் ரிப்பரே நல்லது. இரு முனைகளையும் ரிவர்ஸ் அடித்துக் கெட்டியாக்குங்கள்.

3. ஒரு துண்டை முன்பக்க ஓரத்தோடும், மற்றதை பின்பக்க ஓரத்தோடும், நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க வைத்துத் தையுங்கள். இஸ்திரி போட்டுவிட்டு, இரண்டு துண்டுகளையும் சுற்றி இணையுங்கள்.

4. இங்கே அவசரப்படாதீர்கள். பையை முன்பக்கமாகத் திருப்பி, பை அகலத்துக்குப் பட்டியின் உள்மடிப்பைப் பிரித்து, மேல் ஓரத்தைச் செருகுங்கள். முதலில் கையால் ஓட்டுத் தையல் மட்டும். போனைப் போட்டு, உடுத்தி, நடந்து, உட்கார்ந்து பாருங்கள். பாக்கெட்டின் வாய் பிளந்தால் பை முன் நடுவை நோக்கி அதிகமாக இழுபட்டிருக்கிறது, அரை செ.மீ. தளர்த்துங்கள். வாய் அலையலையாகத் தொங்கினால் இடுப்பு வளைவில் துணி நீண்டிருக்கிறது என்று அர்த்தம். வாய் ஓரத்தில் துணிக் கரையிலிருந்து வெட்டிய 1 செ.மீ. பட்டையை வைத்துத் தைத்தால் நிற்கும். இஸ்திரி போட்டு ஒட்டும் கேன்வாஸைவிட எனக்கு இதுதான் பிடிக்கும், விறைக்காது. எல்லாம் சரியாக இருந்தால் மெஷினில் அடித்து முடியுங்கள்.

பிற்சேர்க்கை: பட்டி இல்லாத கவுன் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். இடுப்பில் தையல் இருந்தால், பையின் மேல் ஓரத்தை அந்தத் தையலின் உள்விளிம்போடு பிடித்துவிடுங்கள். இடுப்புப் பகுதி உடம்போடு ஒட்டிய உடுப்பில் எப்படித் தைத்தாலும் வாய் பிளக்கும். முதலில் சைடைக் கொஞ்சம் பிரித்துத் தளர்த்துங்கள். பிரிக்க உள்ளே துணி இல்லையென்றால், பின்பக்கம் மேலே ஒட்டித் தைக்கும் பாக்கெட்டே சரி.