டெக்சாஸ் போனாலும் விடாத நியூயார்க் வரி

2023 மே மாதம் வேலை போனது. நியூயார்க் நகரின் க்வீன்ஸ் பகுதியில் வீட்டைக் காலி செய்துவிட்டு ஜூன் கடைசியில் டாலஸ் வந்தோம். நியூயார்க் தந்த வேலையிழப்புப் பணம், வாரம் 504 டாலர், இங்கே வந்தபிறகும் பத்து வாரம் வந்தது. டெக்சாஸில் மாநில வருமான வரியே கிடையாது, அப்புறம் என்ன என்று அந்த 5,040 டாலரை நியூயார்க் வரிக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டேன்.

தப்பு. வேலை பார்த்தது நியூயார்க்கில் என்பதால், குடிபெயர்ந்தபின் வந்த பணமும் அந்த மாநில வருமானம்தான். வெளியில் இருப்பவர்களும் ஆண்டின் நடுவில் குடிமாறியவர்களும் நிரப்பும் நியூயார்க் வரிப் படிவமான ஐடி-203-இன் விளக்கத்தை நிதானமாகப் படித்தபோதுதான் இது உறைத்தது.

வேலையிழப்புப் பணம் எவ்வளவு தந்தோம் என்று மாநிலம் அனுப்பும் 1099-ஜி படிவத்தில், 1 என்று எண்ணிட்ட பெட்டியில் ஆண்டின் மொத்தத் தொகை மட்டும்தான் இருக்கும், தேதி இருக்காது. வாரவாரிப் பட்டுவாடா விவரத்தைத் தரவிறக்கிச் சரிபார்த்து, ஐடி-203-எக்ஸ் திருத்தப் படிவம் அனுப்பினேன். ஆறுதல், நியூயார்க் நகர வரி க்வீன்ஸில் இருந்த மாதங்களுக்கு மட்டும்தான், நகரத்தில் குடியிருப்பு மாறியதைக் காட்டி அதைக் கணக்கிட ஐடி-360.1 படிவம். வேலையிழப்புப் பணத்திலிருந்தே மாநில வரிக்கு 2.5% பிடிக்கச் சொல்லும் வசதி ஆரம்பத்திலேயே இருந்தது. நான்தான் வேண்டாம் என்று டிக் அடித்திருந்தேன். பாக்கியை வட்டியோடு கட்டினேன்.